சிவப்புப் புள்ளி: 2-ஆ, 6-ஆ?

ரைஃபிளின் ‘ரெட் டாட் சைட்’ என்ற குறிபார்க்கும் கருவியில் தெரியும் புள்ளி இலக்கின் மேல் விழுகிறதா? இல்லை, அது லேசர் அல்ல. சிறு எல்.இ.டி. விளக்கின் ஒளியை, சிவப்பை மட்டும் எதிரொளிக்கும் பூச்சுள்ள வளைந்த கண்ணாடி இணைக்கதிர்களாக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. அதனால் புள்ளி வெகுதொலைவில் இருப்பதுபோலத் தெரியும். தலை சற்று விலகினாலும் குறி பெரிதாகப் பிசகாது. அயர்லாந்தின் ஹோவர்ட் கிரப் 1900-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது.

புள்ளியின் அளவு எப்படி? மில்லிமீட்டரில் அல்ல. இங்கே கோணக் கணக்கு. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ. ஆக, 2 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே 5.8 செ.மீ. வட்டத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. 17 செ.மீ.க்கு மேல். திருச்சியில் தயாராகும் ரைஃபிளானாலும் வெளிநாட்டு ரைஃபிளானாலும் இந்தக் கணக்கு மாறாது.

எதை எடுப்பது? 100 மீட்டரில் நுட்பமாகச் சுட 2. 25 மீட்டரில் சட்டென்று குறிபிடிக்க 4 முதல் 6.

புள்ளி நட்சத்திரமாகச் சிதறுகிறதா? முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகும் சிதறினால், செல்போனில் படமெடுங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் கருவியை மாற்ற வேண்டாம். கண் மருத்துவரைப் பாருங்கள். அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறைபாடாக இருக்கலாம்.