குளிரின் விலை

"காற்று இலவசம், அதில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அப்படியிருக்கப் பிராணவாயுவுக்கு விலை எதற்கு?" என்று எமது வகுப்பில் மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நாம் விலை கொடுப்பது காற்றுக்கு அன்று, குளிருக்கு. குளிரை உண்டாக்க மின்சாரம் வேண்டும்.

திரவமாக்கிய காற்றில் நைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் கொதிக்கும். பிராணவாயு 183 டிகிரியில் கொதிக்கும். இந்தப் பதின்மூன்று டிகிரி வித்தியாசமே இரண்டையும் பிரிக்கும் வழி. ஜெர்மானிய என்ஜினீயர் கார்ல் வான் லிண்டே 1895-ல் காற்றைத் திரவமாக்கினார். 1902-ல் அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தார். ஆயினும் அந்த முதற்கோபுரத்தில் பிராணவாயுவின் ஒரு பகுதி நைட்ரஜனோடு கலந்து வீணே போயிற்று.

1910-ல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோபுரங்கள் எழுந்தன. கீழ்க்கோபுரத்தில் அழுத்தம் அதிகம். அழுத்தம் மிகுந்தால் நைட்ரஜன் அத்தனை கடுங்குளிர் இல்லாமலே திரவமாகும். அப்போது அது விடும் வெப்பம், மேற்கோபுரத்தின் அடியில் தங்கிய பிராணவாயுவைக் கொதிக்க வைக்கிறது. ஒரே வெப்பத்துக்கு இரண்டு வேலை! வெளியேறும் குளிர்ந்த வாயுக்களும் உள்ளே வரும் காற்றைக் குளிர்வித்துவிட்டே போகின்றன. அரிசி களைந்த நீரையும் கொட்டாமல் மாட்டுக்கு வைக்கும் நம் இல்லத்தரசியின் சிக்கனமே இது.

லிண்டேயின் ஆதி யந்திரம் காற்றை ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தியது. பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் கிளாட் 1902-ல், அழுத்திய காற்றைக்கொண்டு ஓர் என்ஜினை ஓட்டச் செய்தார்; உழைத்த காற்று இன்னும் குளிர்ந்தது. ரஷ்ய விஞ்ஞானி பீட்டர் கபிட்ஸா 1939-ல் அவ்வேலையை விரைந்து சுழலும் டர்பைனிடம் ஒப்படைத்தார். குறைந்த அழுத்தமே போதும் என்றாயிற்று. இன்றைய பெரிய ஆலைகளில் காற்றின் பெரும்பகுதியைச் சுமார் 6 மடங்கு அழுத்தினால் போதும்.

அதோடு வேலை முடியவில்லை. ஒரு டன் பிராணவாயுவைப் பிரிக்க இயற்கை விதிப்படி ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் போதும். நல்ல ஆலைகளும் சுமார் 200 யூனிட் செலவிடுகின்றன. அழுத்தும் யந்திரங்களிலும், வெப்பம் கைமாறும் இடங்களிலும் மிச்சம் கரைகிறது. கோபுரத்தின் துளைத் தட்டுகளுக்குப் பதிலாக நெளித்த உலோகத் தகடுகளை அடுக்குவதும், வெப்பம் மாறும் பரப்பைப் பெருக்குவதும் அந்த நஷ்டத்தைக் குறைக்கும் வழிகள். பிராணவாயுவைத் திரவமாகவே எடுப்பதானால் மின்செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் நெடுந்தூரம் அனுப்பத் திரவமே ஏற்றது.

2021 மே மாதத்தை நாம் மறக்க முடியுமா? உருக்காலைகளின் உபயோகத்துக்கென்று எழுந்த ஆலைகள் அன்று நோயாளிகளுக்கும் மூச்சளித்தன. துர்க்காபூரிலிருந்து திரவப் பிராணவாயு ரயிலேறிச் சென்னை வந்தது. அந்த நாட்களில் ஒவ்வொரு டன்னும் எத்தனை உயிர்களுக்கு ஆதாரமாயிற்று! குளிரைச் சிக்கனமாக்குதல் ஆலை முதலாளியின் கணக்கு மட்டும் அன்று. நோயாளியின் கட்டிலருகே கவலையோடு அமர்ந்திருப்பவரின் கணக்கும் ஆகும். இதையே அம்மாணவனுக்கு நாம் விடையாகச் சொன்னோம்.