முதலில் கூடு, பிறகு கோழி!
கொல்லைப்புறத்தில் ஒரு முட்டைப் பண்ணை

பொழுது விடிகிறது. வீட்டுக்காரி பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். உள்ளே கோழி இல்லை. நாலு இறகுகள் மட்டும் கிடக்கின்றன. இரவில் கீரி வந்து போயிருக்கிறது! ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்த கோழி. நேற்றுத்தான் முதல் முட்டை இட்டது.

கிராமங்களில் பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. சந்தைக்குப் போனோம், கோழி வாங்கினோம், பிறகு அதை எங்கே அடைப்பது என்று யோசித்தோம் என்றால் இப்படித்தான் முடியும். கூடு தயாரான பிறகுதான் கோழி வாங்க வேண்டும்.

எத்தனை கோழி?

முதலில் ஐந்து பெட்டைக் கோழிகள் போதும். ஒரு நாட்டுக் கோழி வருடத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இடும். ஐந்து கோழிகள் இருந்தால், கணக்குப் பார்க்கும்போது நாளுக்கு ஒரு முட்டை கிடைக்கும். ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட 'வனராஜா' போன்ற இனங்கள் வருடத்துக்கு 100 முட்டைக்கு மேல் இடும். ஆனால் அவை சரியாக அடை காக்காது. குஞ்சும் வேண்டும் என்பவர்கள் நாட்டுக் கோழி ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.

சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டை இடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சேவல் இல்லாமலும் முட்டை இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

கூடு எப்படி?

ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும். ஐந்து கோழிகளுக்கு நாலு அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரம் உள்ள கூடு போதும். அதைத் தரையில் வைக்கக் கூடாது. இரண்டு அடி உயரக் கால்கள் மேல் நிறுத்த வேண்டும். அப்போதுதான் மழை ஈரம் ஏறாது.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் நேராக உள்ளே அடிக்காது. மேலே ஓடோ கீற்றோ போடலாம். பக்கங்களில் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடிக்க வேண்டும். பாம்புக்கும் கீரிக்கும் ஒரு சிறு சந்து போதும்!

உள்ளே ஒரு மரச் சட்டம் குறுக்கே இருக்க வேண்டும். கோழி இரவில் அதில் ஏறித்தான் தூங்கும். ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரத்தில் வைக்கோல் போட்ட பெட்டி வையுங்கள். இருட்டான, ஒதுக்கமான இடத்தில்தான் கோழி முட்டையிட விரும்பும்.

குஞ்சா, வளர்ந்த கோழியா?

முதன்முதலாக வளர்ப்பவர்கள் இரண்டு மாதம் வளர்ந்த கோழிகளை வாங்குவது நல்லது. ஒரு நாள் குஞ்சு மலிவுதான். ஆனால் முதல் சில வாரங்கள் அதற்குத் தாயின் கதகதப்பு வேண்டும். தாய் இல்லாவிட்டால் மின்விளக்கின் சூடாவது வேண்டும்.

என்ன தீனி?

பகலில் மேயும் கோழி புழு, பூச்சி, கீரை ஆகியவற்றைத் தானே தேடிக் கொள்ளும். அதோடு காலையிலும் மாலையிலும் ஒரு பிடி கம்பு, குருணை, கொஞ்சம் பிண்ணாக்கு கொடுத்தால் முட்டை குறையாது. முட்டையின் ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு சட்டியில் வைக்கலாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

கீரியைவிடப் பெரிய எதிரி

கீரி ஒரு கோழியைத் தூக்கும். வெள்ளைக் கழிச்சல் நோய் கூட்டையே காலி செய்துவிடும். 'ராணிக்கெட்' நோய் என்பதும் இதுதான். 1920-களில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்க மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து. இரண்டு மாதத்தில் ஊசி. அருகில் உள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

சந்தையில் வாங்கிய புதுக் கோழியை உடனே மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

அந்தி வேலை

பொழுது சாயும்போது கோழிகள் தாமே கூட்டுக்குத் திரும்பும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைக்கலாம். தாழ்ப்பாள் சரியாக விழுந்தால், காலையில் பெட்டிக்குள் கை விடும்போது இறகு இருக்காது. சூடாக ஒரு முட்டை இருக்கும்!