இட்டேரி என்றால் என்ன? ஊருக்கு ஊர் நடந்த தடத்தை வேலி போட்டு அடைக்கலாமா? சட்டம் சொல்வது இதுதான்!

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகள் போடும் ரீல்ஸில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. ஒரு கிராமத்து சர்ச் பக்கத்தில் கிளம்புவார்கள். யாரோ ஒருவரின் கோதுமை வயலுக்கு நடுவே நடப்பார்கள். ஆட்டு மந்தையைத் தாண்டி, அடுத்த கிராமத்தில் டீ குடித்துவிட்டு, வேறொரு வழியாகச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வார்கள். பார்க்கிற நமக்கு முதலில் வரும் சந்தேகம், 'அடுத்தவங்க காட்டுக்குள்ள போனா திட்ட மாட்டாங்களா?' என்பதுதான்.

திட்ட முடியாது. அந்தத் தடம் அரசு வரைபடத்தில் பொதுவழி என்று பதிவாகியிருக்கிறது. நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதுசாகத் தோன்றாது. ஊருக்கு ஊர் போக நமக்கும் இப்படித் தடங்கள் இருந்தன. கொங்கு நாட்டில் அதற்குப் பெயர் இட்டேரி.

இட்டேரி எப்படி இருக்கும்?

இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் மண்தடம். ஒரு மாட்டு வண்டி போகும் அகலம், சில இடங்களில் ஆள் மட்டும் நுழையும் அகலம். திருக்குறளில் 'இட்டிது' என்ற சொல் சிறியது, குறுகியது என்ற பொருளில் வருகிறது. இட்டேரியில் இருக்கும் 'இட்டு'வும் அந்தக் குறுகல்தான் என்றே படுகிறது.

வேலியில் முக்கியமானது கிளுவை. மழை விழுந்ததும் போத்து வெட்டி நட்டால் போதும், முள்ளோடு அடர்ந்து சுவராகிவிடும். அதில் பிரண்டை ஏறும், கோவைக்கொடி படரும், கள்ளியும் கற்றாழையும் சேர்ந்துகொள்ளும். கவுதாரி, செம்போத்து, கீரி, ஓணான் எல்லாம் குடியிருக்கும். கிளுவைத் தழையை வெள்ளாடு விரும்பித் தின்னும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளுக்கும் இதே கிளுவைதான் வேலி.

இந்த வேலி அழகுக்காகப் போட்டது இல்லை. காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் மாடு, இரண்டு பக்கமும் இருக்கும் வெள்ளாமையில் வாய் வைக்கக் கூடாது. அதனால் தடத்தையே முள்ளுக்கு நடுவில் வைத்தார்கள். மாட்டுக்குப் போட்ட ஏற்பாட்டில் மனிதர்களும் நடந்தார்கள், சந்தைக்கு, நோம்பிக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு.

ஏன் காணாமல் போகிறது?

உயிர்வேலி இடம் பிடிக்கும், பக்கத்துக்குச் சில அடி. கம்பி வேலிக்கு அந்தக் கணக்கே இல்லை. நிலம் சென்ட் கணக்கில் விலை பேசப்படும் ஊரில் ஜேசிபி வைத்துக் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டால் அத்தனையும் லாபம். இந்தப் பக்கத்துக்காரர் ஓர் அடி, அந்தப் பக்கத்துக்காரர் ஓர் அடி என்று நகர்த்தினால் வண்டித்தடம் வரப்பாகிவிடும். சில இட்டேரிகள் தார் ரோடாக மாறி, 'இட்டேரி ரோடு' என்று பெயரை மட்டும் வைத்திருக்கின்றன.

விவசாயிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த தடத்தில் பாட்டிலும் குப்பையும்தான் சேரும். பம்ப்செட் ஒயர் திருட்டுப் பயமும் உண்டு. அதற்காக மொத்தமாக அடைத்துவிட்டால், உள்ளே தோட்டம் வைத்திருக்கும் இன்னொரு விவசாயி அறுவடையை எப்படி வெளியே கொண்டுவருவார்?

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாம் ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அந்தத் தடம் வருவாய்த்துறை ஆவணத்தில் எப்படி இருக்கிறது?

அ-பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். பக்கத்து நிலத்துக்காரர் எத்தனை ஆழமாகக் கல் நட்டாலும் ஆக்கிரமிப்புதான். தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ன்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற முடியும்.

பட்டா நிலத்துக்குள் போகும் தடம் என்றால் கதை வேறு. இங்கே வருவது இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882. ஒளிவுமறைவில்லாமல், தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், உரிமையோடு 20 வருடம் பயன்படுத்தியிருந்தால் வழி உரிமை கோரலாம். ஆனால் இது பொதுவாக, அந்த வழியை நம்பியிருக்கும் நிலத்துக்குக் கிடைக்கும் உரிமை. காலாற நடக்க வருகிற எல்லாருக்கும் ஆனது இல்லை. இதைத் தீர்மானிக்க வேண்டியது சிவில் கோர்ட். அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 20 வருடம் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அந்த உரிமை போய்விடும்.

இங்கிலாந்தில் மட்டும் எப்படி?

அங்கேயும் 20 வருடக் கணக்குதான். ஆனால் பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல் நடந்தாலே, நெடுஞ்சாலைச் சட்டம் 1980-ன்படி அது பொதுவழியாகக் கருதப்படும். அப்படி ஆனபிறகு, யாரும் நடக்கவில்லை என்பதற்காக மட்டும் அந்த உரிமை அழியாது. 1949-ல் வந்த சட்டம், ஒவ்வொரு பகுதிக்கும் பொதுவழி வரைபடம் தயாரிக்கச் சொன்னது. வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி உழலாம். ஆனால் முதல் உழவுக்குப் பிறகு 14 நாளில் தடத்தைத் திரும்பப் போட்டுக் கொடுக்க வேண்டும். நம்ம ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்!

அங்கேயும் எல்லாத் தடமும் வரைபடத்தில் ஏறிவிடவில்லை. நடப்பவர்களுக்கான 'ராம்ப்ளர்ஸ்' அமைப்பு 2020-ல் தன்னார்வலர்களை வைத்து, பழைய வரைபடத்தையும் புதியதையும் ஆன்லைனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடியது. விடுபட்டவையாகத் தெரிந்த பாதைகள் 49,000 மைலுக்கும் மேல்.

உங்க ஊர் இட்டேரியை எப்படிச் சரிபார்ப்பது?

கிட்டத்தட்ட அதே வேலையை நாமும் செய்யலாம். தமிழ்நாடு அரசின் நில உரிமை விவரங்களுக்கான இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். புலப்படமும் கிடைக்கும். புல எண் தெரியவில்லையா? பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பட்டாவிலிருந்து ஆரம்பியுங்க, இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்க. ஊர் முழுக்கத் தடங்கள் எப்படிப் போகின்றன என்று தெரிய கிராம வரைபடம் வேண்டும். அது நில அளவைத் துறையில் விலைக்குக் கிடைக்கும்.

புறம்போக்கு என்று உறுதியானால் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானமாகப் போட வைப்பது இன்னும் பலம். வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பட்டா நிலத்துத் தடம் என்றால், வேலி போட்ட தேதியை முதலில் குறித்து வையுங்க, போட்டோ எடுத்து வையுங்க. 20 வருடப் பயன்பாட்டை வைத்து வழி உரிமை கேட்பவர், தடம் அடைபட்ட 2 வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும்.