பகலில் ஸ்னூப்பி, இரவில் பிணம்

கலிஃபோர்னியாவின் புவெனா பார்க் நகரில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற தீம் பார்க்குக்கு அக்டோபரில் போகிறவர்கள் ஒரே இடத்தில் இரண்டு பூங்காக்களைப் பார்க்கலாம். பகலில் ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாய் குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும். பாய்சன்பெர்ரி ஜாம் விற்கும். கோழி வறுவல் கடையில் பாட்டி, தாத்தா, பேரன் என்று குடும்பம் குடும்பமாக வரிசை நிற்கும். ஹாலோவீன் பண்டிகையை ஒட்டிய பேய் இரவு நடக்கும் நாள் என்றால், சாயங்காலம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே கதவு வேறு சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் திறக்கும். உள்ளே போனால் கண் தெரியாத அளவுக்குப் புகை மூட்டம்.

அந்தப் புகைக்குள்ளிருந்து முதலில் வருவது சத்தம்தான். கல்லில் இரும்பு உரசும் சத்தம். ‘ஸ்லைடர்’ என்று அழைக்கப்படும் பேய் வேடக்காரர்கள் முழங்காலில் உலோகக் காப்பு கட்டியிருப்பார்கள்; கையுறையின் விரல் நுனிகளிலும் உலோகம். முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென்று முழங்காலில் விழுந்து, தரையில் தீப்பொறி பறக்கச் சறுக்கிக்கொண்டே வந்து, உங்கள் கால் கட்டைவிரலுக்கு முன்னால் நிற்பார்கள். உங்களைத் தொடமாட்டார்கள். தொடக்கூடாது என்பது விதி. தொடாமலேயே ஓர் ஆளை அலறவைப்பதுதான் அவர்கள் கற்றிருக்கும் வித்தை. இந்தச் சறுக்கு ஆட்டம் பிறந்தது நாட்ஸில்தான் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். இன்று அமெரிக்கா முழுவதும் பேய் வேடம் போடுகிறவர்கள் அதைப் பழகுகிறார்கள்.

இந்தப் பேய் இரவை ஆரம்பித்தது ஏதோ இளவட்டங்களின் கம்பெனி இல்லை. வால்டர் நாட் ஒரு பழத்தோட்டக்காரர். சாலையோரத்தில் பெர்ரிப் பழம் விற்றவர். 1934-இல் அவர் மனைவி கார்டீலியா வீட்டுப் பீங்கான் தட்டுகளில் கோழிச் சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார். கூட்டம் தாங்கவில்லை. காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 1940-இலிருந்து பழைய சுரங்க ஊர் ஒன்றை அங்கேயே எழுப்பினார்கள். நாட்டுப்பற்று மிகுந்த, பழமையில் ஊறிய மனிதர் நாட். அமெரிக்கச் சுதந்திர மண்டபத்தின் அச்சு அசலான நகல் ஒன்றைக்கூட எதிரில் கட்டிவைத்தார். அப்படிப்பட்ட இடத்தில் 1973-இல் மூன்றே இரவுகள் ஹாலோவீன் நிகழ்ச்சி நடந்தது. அங்கிருந்த சுரங்க ரயிலிலும் மரக்கட்டைப் படகுச் சவாரியிலும் பேய் வேடக்காரர்களை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அந்த நிகழ்ச்சி ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் ஓடுகிறது. இன்று அது மூன்று இரவுகளில் அடங்குவதில்லை. செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் முடியும்வரை நீள்கிறது.

அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? ஃப்ளோரிடாவில் 1990-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் அடுத்த ஆண்டே மூன்று பேய் இரவுகளை நடத்திப் பார்த்தது. இப்போது அது உலகறிந்த ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’. ஒஹையோ மாநிலத்தின் சீடார் பாயிண்ட் 1997-இல் இறங்கியது. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம், கல்லாப்பெட்டியில் இருக்கிறது. வட மாநிலங்களில் செப்டம்பர் முதல் வாரத்தோடு பள்ளி விடுமுறை முடிந்துவிடும். அத்தோடு தீம் பார்க்குக்கும் மூடுவிழா. ரோலர் கோஸ்டருக்குப் போட்ட கோடிகள் அடுத்த மே வரை சும்மா நிற்கும். அந்த நேரத்தில் புகை இயந்திரமும் முகமூடியும் வேடம் போட ஆட்களும் இருந்தால் இரண்டு மாத வியாபாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதுவும் யாரிடமிருந்து? அப்பா அம்மாவோடு பூங்காவுக்கு வர வெட்கப்படும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களிடமிருந்து.

சண்டை தொடங்குவதும் இங்கேதான். குடும்பத்துக்கென்று பெயர் எடுத்த பூங்கா தன் முற்றத்தில் ரத்தம் வழியும் முகங்களை நடமாடவிடலாமா என்று ஒரு கூட்டம் கேட்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு பூங்கா புதிதாக இந்த ஆட்டத்தில் சேர, ஒவ்வொரு ஆண்டும் கேள்வி திரும்ப எழுகிறது. 2021-இல் ஆர்லாண்டோவின் சீ வேர்ல்டு. அதுவரை குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஹாலோவீன் மட்டுமே நடத்திய இடம் அது. 2022-இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷிபார்க். சாக்லேட் முதலாளி மில்டன் ஹெர்ஷி தன் தொழிலாளர் குடும்பங்களுக்காக நூறாண்டுகளுக்கு முன் ஏற்படுத்திய பூங்கா. சாக்லேட் வேடமிட்ட பொம்மைகள் கைகுலுக்கும் ஊர். அங்கே நான்கு பேய் வீடுகள், தனிச் சீட்டோடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பூங்காவை நடத்தும் நிறுவனம், ஏழைப் பிள்ளைகள் இலவசமாகத் தங்கிப் படிக்கும் மில்டன் ஹெர்ஷி பள்ளிக்கான அறக்கட்டளையின் சொத்து. பேய் வீட்டுச் சீட்டுக் காசு எங்கேயோ சுற்றிக் கடைசியில் ஒரு பிள்ளையின் பாடப்புத்தகமாகவும் ஆகிறது. ‘குழந்தைகளுக்கு விரோதம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாதபடி கதை சிக்கலானது.

டிஸ்னி என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1995-இல் ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் அது தொடங்கிய ஹாலோவீன் விருந்தின் பெயரிலேயே ‘அவ்வளவு பயமில்லை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. பேய் உண்டு, ஆனால் ஆடும், பாடும், மிட்டாய் தரும். அதே டிஸ்னி ஹாங்காங்கில் மட்டும் தன் வழக்கத்தை மீறியது. அங்கே உள்ளூர்க்காரரான ஓஷன் பார்க் 2001-லிருந்தே ஹாலோவீனில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. போட்டி தாங்காமல் 2007-இல் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் தன் மெயின் ஸ்ட்ரீட்டிலேயே ஒரு பேய் ஹோட்டலைத் திறந்தது. சில ஆண்டுகள் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு தன் பழைய வில்லன்கள் அணிவகுப்புக்கும் பாட்டுக்குமே திரும்பிக்கொண்டது. மிக்கி மௌஸ் வீட்டில் மிரட்டல் ஒட்டவில்லை போலும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பயத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பணம் கொடுத்துப் பயப்படுவது மனிதனின் பழைய ஆசை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெய்லே நகரின் பேய் வீடு ஒன்றுக்குள் 110 பேருக்கு இதயத் துடிப்புக் கருவி மாட்டி அனுப்பி, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் குறைந்தாலும் ரசிக்கவில்லை, மிஞ்சினாலும் ரசிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது, சந்தோஷம் அங்கேதான். ரசத்துக்குப் போடும் மிளகு மாதிரி. சரி, அந்த அளவு யாருக்கு எவ்வளவு? பதினேழு வயதுப் பையன் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் முகமூடி, நான்கு வயதுக் குழந்தைக்கு நிஜ முகம். முகமூடிக்குப் பின்னால் ஒரு கல்லூரி மாணவி சம்பளத்துக்கு நிற்கிறாள் என்பது அந்த வயதில் புரியாது. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ராத்திரி விளக்கை அணைத்ததும் புரிந்ததெல்லாம் போய்விடும்.

ஆகவே ஒரே வாசலில், ஒரே சீட்டில், ஒரே நேரத்தில் இரண்டு வயதுக்காரர்களுக்கும் அளவு சரியாக விழாது. நாட்ஸ் செய்ததுபோலப் பகலையும் இரவையும் கதவு சாத்திப் பிரிப்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. என் தகராறு நடுவழிக்காரர்களோடு. சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களின் ‘ஃபிரைட் ஃபெஸ்ட்’ இந்த ரகம். பகலெல்லாம் சவாரி, மாலை ஆறு மணி வாக்கில் பேய். இடையில் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. காலையில் வாங்கிய அதே சீட்டு. பேய் வீட்டுக்குள் போகத் தனிக் காசு வேண்டும் என்றாலும், திறந்த வெளியில் நடமாடும் பேய்களுக்குக் காசு வேண்டாம். அவை தாமே வரும்.

ஆறு மணிக்கு அங்கே ஒரு குடும்பம் எப்படி மாட்டும் என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக ஒரு ராட்டினம் என்று பெரியவள் அடம்பிடித்ததால் பூங்காவின் பின்கோடியில் நிற்கிறார்கள். சின்னவன் தள்ளுவண்டியில் பாதித் தூக்கம். கார் நிறுத்திய இடத்துக்குப் போக வேண்டுமானால் பிரதான பாதையைத் தாண்ட வேண்டும். அந்தப் பாதையில்தான் புகையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், சங்கிலி ரம்பத்தின் உறுமல் கேட்கிறது. நல்ல பயிற்சி பெற்ற வேடக்காரர் தள்ளுவண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப்போவார். ஆனால் பத்தடி தள்ளி இன்னொருவர் மீது பாய்வார். அலறலும் முகமும் தெரியத்தானே செய்யும்? பெற்றோர் விரும்பி வந்த பயம் வேறு, வீட்டுக்குப் போகிற வழியில் குறுக்கே நிற்கிற பயம் வேறு.

இதற்குப் பூங்காக்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் சிரிப்பை வரவழைக்கிறது. மின்னும் கழுத்துமாலை ஒன்றை விற்கிறார்கள். அதைப் போட்டிருந்தால் பேய் உங்களை விட்டுவிடும். பயமுறுத்தக் காசு, பயமுறுத்தாமல் இருக்கவும் காசு! நம் ஊர்த் தாயத்து வியாபாரிகூட இரண்டு பக்கமும் வசூல் செய்ததில்லை.

எதைக் காட்டிப் பயமுறுத்துவது என்பதிலும் பூங்காக்கள் சறுக்கியிருக்கின்றன. 2016-இல் நாட்ஸ், மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் ஒரு காட்சியை மனநல மருத்துவமனைக் கதையாக வைத்தது. பெயரில் ‘5150’ என்ற எண்ணைச் சேர்த்திருந்தது. கலிஃபோர்னியாவில் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் மனநலக் கண்காணிப்பில் வைக்க வகைசெய்யும் சட்டப்பிரிவின் எண் அது. அந்த எண்ணின்கீழ் தன் மகனையோ தங்கையையோ ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய குடும்பங்கள் அதே ஊரில் இருக்கின்றன. மனநல அமைப்புகள் எதிர்த்தன. முதலில் எண்ணை மட்டும் எடுத்தார்கள். போதவில்லை, காட்சியையே மூடினார்கள். எதிர்த்தவர்கள் பேயை எதிர்க்கவில்லை. நோயாளியைப் பேயாக்காதே என்றார்கள். நியாயமான கோரிக்கை, குடும்பப் பூங்கா என்றால் இரட்டிப்பு நியாயம்.

பொம்மைப் பயம் நிஜ ஆபத்தாகும் இடங்களும் உண்டு. நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்சர் பூங்காவில் 1984 மே 11 அன்று ‘பேய்க் கோட்டை’ தீப்பிடித்து எட்டு பதின்வயதினர் இறந்தார்கள். டிரெய்லர்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய கோட்டை அது. உள்ளே எளிதில் பற்றும் நுரைத் திண்டுகள் இருந்தன; தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. புகையில் வழி தெரியவில்லை. வழி தெரியக்கூடாது என்றுதானே கட்டியிருந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகே இருட்டு வீடுகளுக்கான தீத்தடுப்பு விதிகள் இறுகின. 2017 செப்டம்பரில் ஹாங்காங் ஓஷன் பார்க்கின் ‘உயிரோடு புதைக்கப்படுதல்’ என்ற பேய் வீட்டில், நகரும் சவப்பெட்டி மோதி 21 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். இருட்டு, புகை, அவசரம், இளரத்தம் நான்கும் சேர்ந்தால் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் லேசில்லை. 2022 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் பூங்காவின் ஹாலோவீன் விழா தொடங்கிய வார இறுதியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் காயமடைந்தார்கள். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் வரக்கூடாது என்ற விதி அதற்குப் பிறகு அங்கே வந்தது. நாட்ஸிலும் அதே ஆண்டு அப்படி ஒரு விதி வந்தது. பேய் இரவு நடத்த விரும்பும் குடும்பப் பூங்கா முகமூடிக்கு முன்னால் வாங்க வேண்டியது தீயணைப்புக் கருவியும் கூடுதல் காவலும்.

பேய் இல்லாமல் அக்டோபரை ஓட்ட முடியாதா என்றால் முடியும். டென்னசியில் டாலி பார்ட்டனின் டாலிவுட் 2017 முதல் பூசணிக்காய் விளக்குகளைத்தான் காட்டுகிறது. பல்லாயிரம் செதுக்கிய பூசணிகள், இசை, சூடான ஆப்பிள் சாறு. யாரும் யாரையும் துரத்துவதில்லை. கூட்டம் வரத்தான் செய்கிறது. பதினேழு வயதுக்காரர்கள் கொட்டாவி விடலாம், விடட்டும். எல்லாப் பூங்காவும் எல்லோருக்கும் கடை விரித்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

நம்மவர்களுக்கும் இதில் நேரடியாக ஒரு சங்கதி இருக்கிறது. சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2011 முதல் பேய் இரவுகளை நடத்துகிறது. 2016-இல் உணவங்காடியில் நடக்கும் படுகொலை என்ற கதையில் ஒரு பேய் வீடே வைத்தார்கள். தினமும் சாப்பிடப் போகிற இடத்தை வைத்துச் சிங்கப்பூரரைப் பயமுறுத்தும் சாமர்த்தியம்! 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு உகந்ததில்லை என்று அறிவித்து, தனிச் சீட்டு போட்டு, பகல் கூட்டத்தை அனுப்பிவிட்டே தொடங்குகிறார்கள். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ குடும்பத்தோடு போகிறவருக்கு ஒரு நஷ்டம்: பேய் இரவு உள்ள நாளில் பகல் பூங்கா வழக்கத்தைவிடச் சீக்கிரமே மூடிவிடும். ஆர்லாண்டோவின் மேஜிக் கிங்டமும் ஹாலோவீன் விருந்து நாட்களில் பகல் சீட்டுக்காரர்களை மாலை ஆறு மணிக்கு அனுப்பிவிடுகிறது.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள் சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ பிள்ளைகளோடு போகிறவர்கள் சீட்டு எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்குப் பூங்கா எத்தனை மணிக்கு மூடுகிறது? மூடாமலேயே பேய் விடும் பூங்காவா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், ஐந்து மணிக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.