பின்லாந்தின் சுவீடிய மொழியினர்

ஸ்கந்திநேவியா என்றவுடன் நோர்வே, சுவீடன், தென்மார்க்கு, பின்லாந்து ஆகிய நான்கையும் ஒருசேர எண்ணுவார் பலர். நுணுகி நோக்குமிடத்து அப்பெயர் முதல் மூன்று நாடுகளுக்கே உரியதாகும். அம்மூன்றன் மொழிகளும் ஜேர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. பின்னிய மொழியோ எசுத்தோனிய மொழி, அங்கேரிய மொழி என்பவற்றோடு உறவுடைய யூராலியக் குடும்பத்தது. ஆயினும், பின்லாந்தின் குடிமக்களுள் ஒரு சாரார் சுவீடிய மொழியையே தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். அவர்கள் சுவீடரா, பின்லாந்தினரா என்னும் வினாவை ஈண்டு ஆராய்வாம்.

ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் பின்லாந்து சுவீடன் அரசின் ஒரு பகுதியாக இருந்தது. அக்காலத்தே கடற்கரையோரங்களிற் சுவீடிய உழவரும் மீனவரும் குடியேறி வாழ்ந்தனர். ஆட்சியும் உயர்கல்வியும் சுவீடிய மொழியில் நடந்தன. 1809 ஆம் ஆண்டில் நாடு உருசியப் பேரரசரின் ஆணைக்குட்பட்ட பின்னரும் அந்நிலை மாறவில்லை. பெரும்பான்மையோரின் மொழி வீட்டிலும் வயலிலும் தேவாலயத்திலும் வழங்கிற்றேயன்றி அரச அவை ஏறவில்லை.

1835 இல் லொன்றொத் என்பார் நாட்டார் பாடல்களைத் தொகுத்துக் கலேவலா என்னுங் காப்பியமாக வெளியிட்டார். அதனாற் பின்னிய மொழியின் மதிப்பு உயர்ந்தது. 1863 இல் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த கட்டளை, இருபது ஆண்டுகளுள் அம்மொழி சமநிலை எய்தவேண்டுமென விதித்தது. வியப்பு யாதெனின், அதற்காக வாதாடியோருள் தலைவரான ஸ்னெல்மன் தமது வாதங்களைச் சுவீடிய மொழியிலேயே எழுதினார். பின்லாந்தின் நாட்டுப்பண்ணை இயற்றிய ரூனெபெரி எழுதியதும் அம்மொழியிலேயே. இசைமேதை சிபேலியசு பிறந்ததும் சுவீடிய மொழிக் குடும்பத்திலேயாம்.

இவ்வுண்மையை அவர்தம் சொல்வழக்கே உணர்த்தும். பின்லாந்துச் சுவீடிய வழக்கில், நாட்டார் அனைவரையும் குறிக்க ஒரு சொல்லும் பின்னிய மொழி பேசுவோரை மாத்திரம் குறிக்க வேறொரு சொல்லும் உண்டு. முதலாவதனுள் தம்மையும் அடக்கும் இவர்கள் இரண்டாவதனுள் அடக்குவதில்லை. நாடு ஒன்று, மொழி இரண்டு என்பதே இதன் கருத்து.

1917 இல் விடுதலை பெற்ற பின்லாந்து, 1919 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பில் இரு மொழிகளையும் தேசிய மொழிகளாக ஏற்றது. ஓலாண்டுத் தீவினர் சுவீடனோடு இணைய விரும்பினர். 1921 இல் சர்வதேச சங்கம், தீவுகள் பின்லாந்துக்கே உரியவை என்றும் ஆங்குச் சுவீடிய மொழி காக்கப்படவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பெருநிலத்துச் சுவீடிய மொழியினரோ பிரிவினை கேட்டாரல்லர். தம் நாட்டில் தம் மொழிக்கு உரிமையே கேட்டனர்.

இன்றைய சட்டப்படி, ஓர் உள்ளூராட்சிப் பிரிவிற் சிறுபான்மை மொழியினர் நூற்றுக்கு எண்மராயினும் மூவாயிரவராயினும் இருப்பின் அது இருமொழிப் பிரிவாகும்.

எனினும் சட்டம் தொகையைப் பெருக்கவல்லதன்று. 1880 இல் நூற்றுக்கு 14 பேராயிருந்த இவர்கள் இன்று நூற்றுக்கு ஐவரே. தொகை அன்றும் இன்றும் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவே. ஏனையோர் பெருக, இவர்கள் பெருகவில்லை. அமெரிக்காவுக்கும் சுவீடனுக்குஞ் சென்றோர் பலர். கலப்புமணத்தால் மொழி மாறினோரும் பலர். ஆயினும் இக்காலத்தில் இருமொழிப் பெற்றோருட் பெரும்பாலார் தம் பிள்ளைகளைச் சுவீடிய மொழியினராகவே பதிவுசெய்கின்றனர். அம்மொழியிற் பாடசாலையும் பல்கலைக்கழகமும் நிலைபெற்றிருத்தல் இதற்கு உறுதுணையாம். மொழியைச் சட்டம் வாழ்விப்பதில்லை. வாழ விரும்புவோர்க்கு வழியைத் திறந்து வைக்கின்றது. அவ்வழியிற் செல்வது மக்களின் கடன்.