தலைக்கு மேலே குளம், தெரியுமா?

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் பாறையைக் குடைந்த ஒரு சின்னக் கோயில், அறிவர் கோயில். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்கத் தாமரைக் குளம்! மொட்டு, விரிந்த பூ, சுருண்ட இலை, மீன், அன்னம், யானை, எருமை. நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். ஒருவர் தண்டோடு பூவைத் தோளில் சாய்த்திருக்கிறார். வயது ஆயிரத்து நூறுக்கும் மேல்! 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள பாட்டுக் கல்வெட்டே சொல்கிறது.

சுற்றுலா போகிறவருக்கு அது அழகான குளம், அவ்வளவுதான். சமண நெறி அறிந்தவருக்கோ அது சமவசரணம்! ஞானம் பெற்ற தீர்த்தங்கரர் அறம் உரைக்கத் தேவர்கள் எழுப்பும் சபை அது. அதைச் சுற்றியுள்ள வட்டங்களில் ஒன்று இந்த நீர்நிலை. முக்திக்குத் தகுதியான பவ்வியர்கள் அதில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். எருமையும் யானையும் ஏன் வந்தன? அந்தச் சபையில் விலங்குகளுக்கும் இடம் உண்டே! தமிழ்ச் சமணர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்காதீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் ஏராளம். மேல்சித்தாமூரில் சமண மடமே இருக்கிறது.

அதே குன்றின் மேலே ஏழடிப்பட்டம். குகைக்குள் வழவழப்பான 17 கற்படுக்கைகள், தலையணை மேட்டோடு! ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு. இப்படிப்பட்ட முனிவர் படுக்கைகளைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே சொல்லிவிடுவார்கள். கல்லில் எது கண்டாலும் பாண்டவர் கணக்கில் எழுதுவது நம் வழக்கம்!

கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பையில் வாழும் குறும்பர் பழங்குடியினருக்கு, யார் செய்தது என்ற அந்தக் குழப்பமே இல்லை. அங்குள்ள பாறை ஓவியம் எங்கள் முன்னோர் வரைந்தது என்பார்கள். அவர்களில் சிலர் வேங்கை மரப் பிசினும் மண்ணும் கொண்டு இன்றும் வரைகிறார்கள், தேனெடுப்பு உட்பட!

ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பழங்குடிகள் இன்னும் ஒரு படி மேல். வாயில்லாத வாஞ்சினா உருவங்களை மனிதர் வரையவே இல்லையாம். மழை தரும் அந்த ஆதி மூதாதையரே பாறையில் பதிந்துவிட்டார்களாம்! மங்கினால் மீண்டும் வண்ணம் பூசிப் புதுப்பிப்பது அவர்கள் மரபு.

நம் திருமயம் குன்றில் செந்நிறப் பாறை ஓவியம் உண்டு, தெரியுமா? எங்கள் பாட்டன் வரைந்தது என்று சொல்லிக் காவல் நிற்க அதற்கு யாருமில்லை. கோட்டை பார்க்கப் போகிறவர்களே, தயவுசெய்து பாறையில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள்!