வண்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது யார்?

கார் வாங்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்த அன்றைக்கே ஆளுக்கொரு கம்பெனியின் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். "அந்தக் கம்பெனி வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்பார் சித்தப்பா. "அதை மட்டும் எடுத்துடாதீங்க மாமா, ஸ்பேர் கிடைக்காம அலையணும்" என்பார் மாப்பிள்ளை. இரண்டு பேருமே அந்தக் கம்பெனி வண்டியைக் கடைசியாக ஓட்டிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் எட்டு, பத்து லட்ச ரூபாயும் ஐந்தாறு வருடத்து மாதத் தவணையும் அந்த ஒரு வாக்கை நம்பித்தான் இறங்குகின்றன.

அந்த வாக்கு இன்றைக்கும் பலிக்கிறதா? பட்டறைகளிலும் டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் இடங்களிலும் இதைக் கேட்டால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. 'வழியில் நிற்காத வண்டி' என்ற பேரில் பாதிக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தவர் தெருமுனை மெக்கானிக். அவரை வெளியே நிறுத்திவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த பேரை மட்டும் இன்றைய வண்டிகள் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

ஒரே இன்ஜின், இரண்டு பேர்

இதற்கு நம் சாலைகளே சாட்சி. 2000-களின் பிற்பகுதியில் ஒரு 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இங்கே பரவலாக வந்தது. வடிவமைப்பு இத்தாலியினுடையது, தயாரிப்பு இந்தியாவில். பல கம்பெனிகள் அதையே தங்கள் கார்களில் வைத்தன. 'தேசிய இன்ஜின்' என்றே கார் பிரியர்கள் அதைக் கூப்பிட்டார்கள். பி.எஸ். 6 புகை விதி வந்த 2020-இல் அது விடைபெற்றது.

இத்தனை வருடமும் அந்த இன்ஜின் ஒன்றுதான். ஆனால் ஒரு கம்பெனியின் காருக்குள் இருந்தபோது அது 'தங்கமான வண்டி'. விற்கப் போனால் நல்ல விலை கிடைத்தது. அதை வடிவமைத்தவர்களின் சொந்தக் காருக்குள் இருந்தபோதோ 'எடுத்தால் தலையில் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்' என்று ஒதுக்கப்பட்டது. ஓட்டியவர்கள் பலர் அந்த வண்டியின் கட்டுறுதியை மெச்சினார்கள். சந்தையில் அந்த மெச்சுதல் எடுபடவில்லை.

வித்தியாசம் இன்ஜினில் இல்லை, அதைச் சுற்றி இருந்த ஆட்களில் இருந்தது. முதல் வண்டிக்குச் சின்ன ஊர்க் கடையில்கூட கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் தொங்கின. போனட்டைத் திறந்ததும் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். இரண்டாவது வண்டிக்கு ஒரு சஸ்பென்ஷன் புஷ் வேண்டுமென்றால்கூட பெரிய ஊருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நாட்களெல்லாம் வண்டியின் கணக்கில் குறையாக எழுதப்பட்டன. ஒரே தொழிற்சாலையில் தயாராகி, முன்பக்க கிரில்லும் லோகோவும் மட்டும் மாறி இரண்டு பேரில் விற்கும் கார்களிலும் இந்தக் கூத்து நடக்கிறது. பேருக்கும் இரும்புக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிற மெக்கானிக்கைப் பக்கத்தில் நின்று கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். விற்கிறவர் கம்பெனிப் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இவர் காதில் வாங்க மாட்டார். இன்ஜின் சூடேறாமல் இருக்கிறதா என்று முதலில் போனட்டைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்து, அங்கே புகை தள்ளுகிறதா என்று குனிந்து பார்ப்பார். டிப்ஸ்டிக்கை உருவி விரலில் ஆயிலைத் தேய்ப்பார். கதவு ரப்பரை இழுத்து, பில்லரில் டிங்கரிங் செய்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். போனட் கீல் போல்டில் ஸ்பானர் பட்டு பெயின்ட் உரிந்திருந்தால், "முன்னாடி அடி வாங்கின வண்டிங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இத்தனை சோதனையிலும் கம்பெனியின் பேர் ஒரு முறைகூட அவர் வாயில் வராது. அவருக்கு வேண்டியது இந்த ஒரு வண்டி, இதை ஓட்டிய ஆள், இதைப் பார்த்த கை.

வாரன்டி முடியும் நாள்

புது வண்டி எடுத்தவரிடம் முதல் வருடம் கேட்டால் எந்தக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். பெரும்பாலான கார்களுக்கு மூன்று வருடமோ ஒரு லட்சம் கிலோமீட்டரோ வாரன்டி உண்டு. அதற்குள் போகிற பாகம் இலவசமாக மாறிவிடுகிறது. உரிமையாளருக்குக் குறை தெரிவதே இல்லை, தெரிந்தாலும் வலிப்பதில்லை. பரீட்சை தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஆறாவது, ஏழாவது வருடத்தில், பெரும்பாலும் இரண்டாவது உரிமையாளரின் கையில், அதுவும் வாங்கிய கடனே தீராத ஒருவரின் கையில் அது நடக்கிறது. அவர் அனுபவத்தை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, நாம் நம்பும் பேர் எந்தக் காலத்து வண்டிக்கு வந்த பேர் என்பது. கார்புரேட்டர் காரிலும் அதற்கு அடுத்து வந்த எளிய எம்.பி.எஃப்.ஐ. காரிலும் அந்தப் பேர் சம்பாதிக்கப்பட்டது. அந்த வண்டிகளும் நின்றன. ஆனால் நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஃபேன் பெல்ட்டை மாற்றி, அரை மணி நேரத்தில் கிளப்பிவிட ஆள் இருந்தார். சின்னக் கோளாறு சின்னச் செலவில் முடிந்ததால் அது கோளாறாகவே மனதில் பதியவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தது. பி.எஸ். 4-இலிருந்து ஐந்தாவது படியைத் தாண்டி நேராக ஆறாவதுக்குப் போனோம். காற்றுக்கு அது நல்லது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் டீசல் கார்களில் புதிதாக வந்து உட்கார்ந்த டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டியைப் பற்றி விற்பனையாளர்கள் எத்தனை பேரிடம் விளக்கினார்கள்? வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக வேண்டுமானால் புகைக்குழாயில் 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் வர வேண்டும். அதற்கு வண்டி விட்டு விட்டு இல்லாமல் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கு வாடகைக்கு ஓடுகிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. பெருங்குடியில் வீடும் துரைப்பாக்கத்தில் வேலையுமாக இருப்பவருக்கோ இன்ஜின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். கரி எரியாது, சேர்ந்துகொண்டே போகும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேம்பாலம் ஏற முடியாமல் பின்னால் ஹாரன் மழை பொழியும். கடைசியில் இழுவை வண்டியில் ஏற்றித்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருடம். ஒருவருக்கு அது தங்கம், இன்னொருவருக்குத் தலைவலி. இந்த இரண்டு பேரின் அனுபவத்தையும் ஒரே பேருக்குள் எப்படி அடைப்பது?

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு வேறு கவலை. 2023 ஏப்ரலுக்கு முன்பு வந்த பெரும்பாலான கார்கள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதையும், பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 – 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்பதையும் அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஊற்றும் எரிபொருள் மாறிய பிறகு பழைய மைலேஜ் பேரை நம்பி என்ன பயன்?

சாவி யார் கையில்?

இத்தனைக்கும் கைவசம் ஒரு மருந்து இருந்தது. அது நம் மெக்கானிக். அவருக்குத்தான் இப்போது கதவு சாத்தப்படுகிறது.

'செக் இன்ஜின்' விளக்கு எரிகிற காரைத் தெருமுனைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், கடையில் வாங்கிய ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைப் படித்துச் சொல்வார். எது பழுது என்று அவருக்குத் தெரியும். பாகத்தை மாற்றவும் கை இருக்கிறது. ஆனால் டீசல் இன்ஜெக்டர் ஒன்றை மாற்றினால் அதன் குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். கரியை வலுக்கட்டாயமாக எரிக்க வேண்டுமானால் அந்த ஆணையையும் கம்ப்யூட்டர் வழியாகவே கொடுக்க வேண்டும். பல மாடல்களில் அந்த மென்பொருள் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மட்டும்தான் இருக்கிறது. "என்னால முடியலைங்க சார், ஷோரூமுக்கே போயிடுங்க" என்று முப்பது வருட அனுபவம் உள்ளவர் சொல்லும்போது, அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

இது புதுப் புகார் அல்ல. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பு 2014 ஆகஸ்டில் 14 கார் தயாரிப்பாளர்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியபோது கார்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இணையதளத்தோடு நின்றுவிட்டால் போதாது. தகவலைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லும் சட்டம்தான் பட்டறையின் கதவைத் திறக்கும்.

மென்பொருளைத் திறந்துவிட்டால் திருட்டும் புகை மோசடியும் பெருகும், இன்றைய இன்ஜின்கள் பழையவற்றைவிட அதிக ஆயுளோடு உழைக்கின்றன என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்கிறார்கள். இன்ஜின் உழைக்கிறது, சரி. ஒரு சென்சாருக்காக மூன்று நாள் வண்டியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012-இல் இதே கேள்வி மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. வெளி மெக்கானிக்குகளுக்கும் அதே தகவலைத் தர வேண்டும் என்று 86 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். ஐரோப்பாவில் 2007-ஆம் ஆண்டு விதியே இதைக் கட்டாயமாக்கியது. அங்கெல்லாம் வண்டிகள் திருடர் கைக்குப் போய்விடவில்லை.

அங்கே பேரைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஜெர்மனியில் வழியில் நின்ற வண்டிகளுக்கு உதவப் போகும் ஓட்டுநர் சங்கம், எந்த மாடல் எத்தனை முறை நின்றது என்ற கணக்கை 1978-இலிருந்து வெளியிடுகிறது. பிரிட்டனில் மூன்று வருடம் தாண்டிய ஒவ்வொரு காரும் வருடாவருடம் சோதனைக்குப் போக வேண்டும். வண்டி எண்ணைத் தட்டினால் எந்த வருடம் எதனால் தோற்றது என்று யாரும் பார்க்கலாம். இங்கே சொந்தக் காருக்கு 15 வருடம் கழித்துத்தான் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையே வருகிறது. அதுவரை அந்த வண்டியின் சரித்திரம் தெரிந்த ஒரே ஆள் மெக்கானிக்தான். அவரும் போய்விட்டால் விளம்பரம் சொல்வதுதான் மிஞ்சும்.

குறையுள்ள வண்டியைக் கம்பெனி திரும்ப அழைக்கும் ரீகால் விதிகளும் இதற்குக் கைகொடுக்காது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அவை பாதுகாப்புக் குறைகளுக்கு, அதுவும் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். அடிக்கடி நிற்கிற வண்டி அதில் வராது.

கையைத் தக்கவைப்போம்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்கிற மாநிலம் நம்முடையது. செய்யத் தெரிந்த ஊரில் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அருகிப்போவதை வேடிக்கை பார்க்கக் கூடாது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வருகிற பையன் பட்டறைக்கு வரத் தயங்குகிறான். ஸ்கேனரும் தகவலும் இல்லாத இடத்தில் அவன் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நாளைக்கு மின்சார கார்கள் பெருகும்போது இந்தப் பூட்டு இன்னும் இறுகும்.

அதனால் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, இந்த மாடலை நீங்க பார்ப்பீங்களா? ஸ்பேர் வெளியில கிடைக்குமா?" என்று கேளுங்கள். அதே இன்ஜினை ஐந்து வருடமாக ஓட்டும் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவருடைய பாதை உங்கள் பாதையைப் போன்றதா என்று விசாரியுங்கள். வாரன்டி முடிந்த பிறகு வெளியில் வேலை பார்க்க என்னென்ன தகவல் தருவீர்கள் என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள், பத்தாயிரம் பேர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பேரை நம்பிப் பணம் கட்டுகிற நமக்கு, அந்தப் பேரைக் காப்பாற்றுகிற ஆளையும் கேட்டு வாங்கும் உரிமை உண்டு.